நீலன் வாழும் நிலம்

நுழையும்முன்

ஓர் உயிரின் வாழ்க்கையை முட்டை முதல் முதிர்நிலை வரை கூர்ந்து கண்டு எழுதியோர் வாழ்ந்த நாட்டிலேயே அவ்வுயிர் அற்றுப்போனது. அங்கு அறிவு குறைபட்ட இடம் எது? பிரித்தானியாவின் பெருநீலன் வண்ணத்துப்பூச்சியை முன்வைத்து, உயிர்வளர்ப்புக்கும் உயிர்காப்புக்கும் இடையே உள்ள உறவை ஆராய்கிறது இவ்வுரைநடை.

வளர்க்கத் தெரிந்த உயிரைக் காக்கவும் தெரியும் என்று கருதுவது மனித இயல்பு. கோழியை அடைவைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்பவர், பட்டுப்புழுவுக்கு முசுக்கட்டை இலையிட்டுக் கூடு கட்டச் செய்பவர் ஆகியோரின் பட்டறிவு இக்கருத்துக்கு அரணாக நிற்கிறது. ஆயினும், கோழியும் பட்டுப்பூச்சியும் மனிதரின் வீட்டையே தம் வாழிடமாக ஏற்றுக்கொண்டவை. மேய்ச்சல் நிலத்தை நம்பி வாழும் ஒரு காட்டுயிருக்கு இக்கணக்குப் பொருந்துவதில்லை. பெருநீலன் என்னும் வண்ணத்துப்பூச்சி பிரித்தானியாவில் 1979ஆம் ஆண்டில் அற்றுப்போயிற்று. அதன் முட்டை, புழு, கூட்டுப்புழு, முதிர்பூச்சி ஆகிய நான்கு நிலைகளும் அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே கண்டறியப்பட்டு, வண்ணப் படங்களுடன் அச்சேறியிருந்தன. வளர்க்கும் முறையும் கைவந்திருந்தது. இருந்தும் அந்தப் பூச்சி அழிந்தது.

பெருநீலன் என்பது ஒப்புநோக்கில் அமைந்த பெயரே. நீலன் குடும்பத்து வண்ணத்துப்பூச்சிகளில் பெரும்பாலானவை கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய இறக்கை கொண்டவை. அவற்றின் நடுவே இறக்கை விரிவில் ஐந்து சென்டிமீட்டரை எட்டும் இப்பூச்சி பெரிதாகத் தோன்றியது. மேலிறக்கையில் பளிச்சிடும் நீலமும் அதன்மேல் கரும்புள்ளிகளும் உடைய இதனை ஆங்கிலேயர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அறிந்திருந்தனர். பூச்சி சேகரிப்போர் இதனைத் தேடித் தேடிப் பிடித்தனர். பிடித்துக் குத்தி வைப்பதோடு நில்லாமல், முட்டையிலிருந்து வளர்த்துப் பார்க்கும் ஆர்வம் சிலரிடம் எழுந்தது.

அவர்களுள் தலையானவர் பிரெடரிக் வில்லியம் புரோஹாக். ஓவியராகவும் இயற்கை ஆய்வாளராகவும் விளங்கிய அவர், பிரித்தானிய வண்ணத்துப்பூச்சிகள் ஒவ்வொன்றையும் முட்டையிலிருந்து வளர்த்து, ஒவ்வொரு நிலையையும் நேரில் கண்டு வரைவதைத் தம் வாழ்நாட் பணியாக மேற்கொண்டார். அப்பணியில் நெடுங்காலம் நிறைவுறாமல் எஞ்சி நின்றது பெருநீலனின் வரலாறு.

அக்ரூட் ஓட்டுக்குள் நடந்தது

தொடக்கம் எளிது. பெண்பூச்சி காட்டுத் தைம் என்னும் சிறுசெடியின் அரும்புகளில் முட்டையிடும். தைம், துளசியின் குடும்பத்தைச் சேர்ந்தது; தரையோடு படர்ந்து மணம் வீசுவது. முட்டையிலிருந்து வெளிவரும் புழு பூவையும் முற்றாத விதையையும் தின்று, இரண்டு மூன்று வாரங்களுள் மூன்று முறை தோலுரிக்கும். அதுவரை வளர்ப்போருக்கு எத்தொல்லையும் இல்லை. மூன்றாம் முறை தோலுரித்தபின், புழு செடியை அடியோடு வெறுத்துவிடும். புதிய பூக்களை இட்டாலும், வேறு இலைகளை வைத்தாலும் தொடாது. மூன்று நான்கு மில்லிமீட்டரே நீளமுள்ள அப்புழு பெட்டியின் மூலைமுடுக்கெல்லாம் அலைந்து மடியும். திறமை மிக்க வளர்ப்பாளர்களின் கைகளிலும் இதுவே நிகழ்ந்தது.

புதிருக்கு விடை 1915ஆம் ஆண்டில் கிடைத்தது. சாப்மன் என்னும் ஆய்வாளர் தைம் செடியொன்றைப் பெயர்த்தபோது, அதன் அடியிலிருந்த எறும்புக் கூட்டுக்குள் பருத்து வளர்ந்த பெருநீலன் புழுவைக் கண்டார். அதன் உடலை ஆய்ந்தபோது, அது எறும்பின் இளம்புழுக்களைத் தின்று வளர்ந்திருந்தது தெரியவந்தது. பூவைத் தின்ற புழு ஊன் உண்ணியாக மாறியிருந்தது!

அதே ஆண்டில், கென்ட் மாவட்டத்தைச் சேர்ந்த கேப்டன் பியூர்பாய் இதனைத் தம் இல்லத்தில் நிகழ்த்திக் காட்ட முனைந்தார். அவர் கையாண்ட கருவி விலையுயர்ந்ததன்று. அக்ரூட் கொட்டையின் பாதி ஓட்டைக் கவிழ்த்து, அதன் உள்ளே ஒரு புழுவையும் சில எறும்புகளையும் எறும்பின் இளம்புழுக்களையும் குடியேற்றினார். ஓட்டை எடுத்துப் பார்த்தால் உள்ளே நடப்பவை தெரியும். இரை தீர்ந்தால் வேறு கூட்டிலிருந்து இளம்புழுக்களைக் கொணர்ந்து இடலாம். இத்தகைய பொறுமையான முயற்சிகளால் பெருநீலன் எறும்புகளோடு குளிர்காலம் கழித்து, கூட்டுப்புழுவாகி, இறக்கை விரித்து வெளிவரும் வரையிலான வரலாறு முழுமை பெற்றது. புரோஹாக் 1924ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூலில் அவ்வரலாறு இடம்பெற்றது.

அவ்வரலாற்றின் நடுப்பகுதி இன்றும் வியப்பூட்டுவது. தைம் செடியை வெறுத்த புழு, மாலை வேளையில் தன்னைத் தரையில் வீழ்த்திக்கொள்ளும். மிர்மிகா இனச் செவ்வெறும்புகள் இரைதேடி மிகுதியாக வெளிவரும் நேரமும் அதுவே. எறும்பொன்று எதிர்ப்பட்டுத் தன் உணர்கொம்புகளால் தட்டினால், புழுவின் முதுகிலுள்ள சுரப்பி இனிப்பான துளியொன்றைக் கசியவிடும். எறும்பு அதை நக்கும். சிலபோது நெடுநேரம் அங்கேயே நிற்கும். பின்னர், புழு தன் உடலின் முன்பகுதியை உப்பச் செய்து வளைந்து நிமிரும். அந்நிலையில் அதன் தோற்றமும் தொடுவுணர்வும் மணமும் எறும்பின் இளம்புழுவையே ஒத்திருக்கும். கூட்டிலிருந்து தவறி வெளியே வந்துவிட்ட தன் இனத்துக் குழந்தை என்றெண்ணி, எறும்பு அதனைக் கவ்வித் தூக்கிச்சென்று கூட்டின் உட்புறத்தில் இளம்புழுக்களின் நடுவே வைக்கும்.

அங்கே புழு பெரும்பாலும் பத்து மாதங்கள் தங்குகிறது. முதிர்ச்சியடையும்போது பெறும் எடையில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கை அது ஈட்டுவது இக்கூட்டில்தான். ஒரு புழு முழு வளர்ச்சி பெற எறும்பின் பெரிய இளம்புழுக்கள் ஏறத்தாழ 230 தேவைப்படும் என்பது பிற்கால ஆய்வின் கணிப்பு. ஒரே கூட்டுக்குள் பல புழுக்கள் புகுந்துவிட்டால் இரை தீர்ந்து அனைத்தும் பட்டினியால் மடியும். எறும்புகளை இப்புழுவின் செவிலித்தாயர் என எழுதுவோர் உளர். தம் மக்களைத் தின்னக் கொடுத்துவிட்டு அறியாமல் நிற்கும் உயிர்களுக்கு அச்சொல் பொருந்துமா என்பது ஐயத்திற்குரியது. கோடையின் தொடக்கத்தில், கூட்டினுள்ளேயே தோலுடைத்து வெளிவரும் வண்ணத்துப்பூச்சி, சுருண்ட இறக்கையுடன் எறும்பு வழிகளினூடே ஊர்ந்து மேலேறி, புல்லொன்றைப் பற்றிக்கொண்டு இறக்கையை உலர்த்தும். அதன்பின் அதற்கு வாய்ப்பவை சில நாள்களே.

கேட்கப்படாத வினா

இத்துணை நுட்பமான அறிவைப் பெற்றிருந்தும் பெருநீலனின் எண்ணிக்கை ஆண்டுதோறும் சரிந்தது. பழி பூச்சி சேகரிப்போர்மீது விழுந்தது. அவர்கள் குற்றமற்றவர்கள் அல்லர்; ஆயினும் அவர்கள் நுழையாத இடங்களிலும் நீலன் மறைந்தது. 1930களில் ஓரிடத்தைப் பாதுகாக்க எண்ணிச் சேகரிப்போர் நுழையாவண்ணம் வேலியிட்டனர். அவ்வேலி மனிதரோடு ஆடுமாடுகளையும் தடுத்தது. மேய்ச்சலற்ற புல் வளர்ந்தது. தைம் செடிகள் அப்போதும் அங்கே இருந்தன. நீலன் மட்டும் சில ஆண்டுகளில் இல்லாமற்போனது. காக்க எழுந்த வேலியே அழிவுக்குத் துணைநின்ற இந்நிகழ்ச்சி, பாதுகாப்பு என்றால் வேலியடைப்பு என்று எண்ணுவோர் ஒவ்வொருவரும் அறியவேண்டியது.

1953ஆம் ஆண்டில் மிக்சோமடோசிஸ் என்னும் நோய் பிரித்தானியாவில் நுழைந்து, சில ஆண்டுகளுள் அந்நாட்டு முயல்களை ஏறத்தாழ முற்றாகக் கொன்றொழித்தது. செங்குத்தான சரிவுகளில் ஆடு மேய்ப்பது ஊதியம் தராது எனக் கருதிய உழவர்கள் ஏற்கெனவே அந்நிலங்களைக் கைவிடத் தொடங்கியிருந்தனர். முயலும் இல்லை, ஆடும் இல்லை என்றானபின் குன்றுச் சரிவுகளில் புல் ஓங்கி வளர்ந்தது. முயல் இறந்ததற்கும் வண்ணத்துப்பூச்சி மறைந்ததற்கும் இடையே உள்ள தொடர்பு எவருக்கும் புலப்படவில்லை.

அத்தொடர்பைக் கண்டவர் ஜெரமி தாமஸ் என்னும் இளம் ஆய்வாளர். அவர் 1972ஆம் ஆண்டு முதல் டார்ட்மூர் மேட்டுநிலத்தின் ஓரத்தில், நீலன் எஞ்சியிருந்த இறுதி இடத்தில் தங்கி ஆய்ந்தார். முட்டைகளை எண்ணினார், புழுக்களைப் பின்தொடர்ந்தார், எறும்புக் கூடுகளைக் கணக்கிட்டார். பல்வகை மிர்மிகா எறும்புகள் பெருநீலன் புழுவைத் தூக்கிச்செல்கின்றன. ஆனால், மிர்மிகா சபுலேட்டி என்னும் ஒரே இனத்தின் கூட்டில்தான் அது போதிய அளவில் பிழைக்கிறது என்பதை அவர் கண்டறிந்தார். பிற இனங்களின் கூட்டில் புகுந்த புழுக்களில் பெரும்பாலானவை மடிந்தன.

அந்த எறும்போ வெப்பத்தை விரும்புவது. இங்கிலாந்தின் குளிர்ந்த தட்பவெப்பத்தில், வெயில் நேரே மண்ணில் படும் தென்முகச் சரிவுகளில், புல் ஓரிரு சென்டிமீட்டர் உயரமே இருக்கும் இடங்களில்தான் அது தழைக்கும். புல் சிறிது உயர்ந்தாலும் நிழல் விழுந்து மண்ணின் வெப்பம் இரண்டு மூன்று பாகை குறைந்துவிடும். உடனே அவ்விடத்தை மிர்மிகா ஸ்கேப்ரினோடிஸ் என்னும் வேறோர் இனம் கைப்பற்றிக்கொள்ளும். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இரண்டும் செவ்வெறும்புகளே. நிலமும் பசுமையாகவே தோன்றும். தைம் பூத்திருக்கும், நீலன் முட்டையிடும், புழு தரையில் விழும், எறும்பும் வந்து தூக்கிச்செல்லும். யாவும் முறைப்படி நிகழ்ந்து, இறுதியில் ஒரு பூச்சியும் வெளிவராது.

அக்ரூட் ஓட்டு மறைத்தது இவ்வுண்மையையே. அவ்வோட்டுக்குள் எந்த எறும்பு என்ற வினா எழவே இல்லை. எழ வேண்டிய தேவையும் நேரவில்லை. இரை குறைந்தால் மனிதக் கை கொடுத்தது. குளிரும் பகையும் அணுகாமல் அதே கை காத்தது. வளர்ப்பில் கிடைத்த வெற்றி, எறும்பு இனங்களுக்கிடையே உள்ள வேறுபாட்டைத் தேய்த்துவிட்டது. வளர்ப்பாளரின் பரிவு எங்கெல்லாம் குறையை நிரப்புகிறதோ, அங்கெல்லாம் அக்குறை கண்ணுக்குப் புலனாகாமற் போகிறது. பியூர்பாயையும் புரோஹாக்கையும் இதற்காகக் குறைகூறுவது அறமாகாது. அவர்கள் கேட்ட வினா 'இப்புழு எவ்வாறு வாழ்கிறது?' என்பது. அதற்கு அவர்கள் தந்த விடை சரியானதே. 'இப்புழு எங்கே வாழும்?' என்பது வேறு வினா. அதனை அவர்களுக்குப் பின்வந்தோர் கேட்டிருக்க வேண்டும். முதல் வினாவின் விடையே இரண்டாவதற்கும் போதும் என்று ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் இருந்துவிட்டதுதான் பிழை.

தாமஸ் விடையைக் கண்டபோது காலம் கடந்துவிட்டது. எஞ்சிய ஒரே இடத்தில் மேய்ச்சலைச் சீர்படுத்தி எறும்பை மீட்கத் தொடங்கிய நேரத்தில் நீலனின் எண்ணிக்கை மிகவும் சிறுத்துவிட்டது. 1979ஆம் ஆண்டோடு பிரித்தானியப் பெருநீலனின் வரலாறு முடிந்தது.

மூன்று வார வளர்ப்பு

நாடொன்றில் அற்றுப்போன உயிரை வேறு நாட்டிலிருந்து கொணர்ந்து குடியமர்த்துவது எளிய செயலன்று. இங்கு அம்முயற்சி வென்றதற்குக் காரணம், அதில் பின்பற்றப்பட்ட வரிசைமுறையே. முதலில் நிலம் ஆயத்தமாயிற்று. புதர்கள் அகற்றப்பட்டன, ஆடுமாடுகளும் மட்டக்குதிரைகளும் உரிய பருவங்களில் மேய விடப்பட்டன, மிர்மிகா சபுலேட்டி மீண்டும் பெருகிற்றா என்று கூடுகள் எண்ணப்பட்டன. எறும்பு வந்துவிட்டது என்று உறுதிப்பட்ட பிறகே, 1983ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டின் ஓலாண்டு தீவிலிருந்து பெருநீலன் டார்ட்மூருக்குக் கொண்டுவரப்பட்டது. தாமஸுடன் டேவிட் சிம்காக்ஸ் இப்பணியில் இணைந்து, பின்னர் பல்லாண்டுகள் அதனைத் தொடர்ந்தார்.

இம்முயற்சியிலும் வளர்ப்பு உண்டு. முட்டைகளைத் திரட்டி, வெளிவரும் புழுக்களைத் தைம் பூக்களில் வளர்த்து, சிலந்தியும் ஒட்டுண்ணியும் அணுகாமல் பேணினர். ஆனால், இறுதித் தோலுரிப்பு நிகழ்ந்ததும் வளர்ப்பு நின்றது. அக்ரூட் ஓடு தேவைப்படவில்லை. புழுக்கள் குன்றுச் சரிவில் எறும்பின் வழியில் விடப்பட்டன. எஞ்சிய பத்து மாதங்களை எறும்பும் மண்ணும் பார்த்துக்கொண்டன. மனிதக் கை செய்யக்கூடிய பகுதி எது, செய்யக்கூடாத பகுதி எது என்று பிரித்தறிந்த இந்தத் தெளிவை ஐம்பதாண்டு கால வளர்ப்பு அனுபவத்தினும் மேலானதாகக் கருதலாம்.

பின்னர்ச் சோமர்செட் மாவட்டக் குன்றுகளிலும் நீலன் குடியேறிற்று. காலர்ட் குன்றில் பொதுமக்களே சென்று காணும் அளவுக்கு அது பெருகியது. குளோஸ்டர்ஷயரின் ராட்பரோ பொதுநிலத்தில் ஐந்தாண்டுகள் நிலத்தைப் பண்படுத்தியபின் 2019ஆம் ஆண்டில் 1,100 புழுக்கள் விடப்பட்டன. அடுத்த கோடையில் அங்கே ஏறத்தாழ 750 வண்ணத்துப்பூச்சிகள் பறந்ததாகக் கணக்கிடப்பட்டது. அப்பகுதி நீலனைக் கண்டு ஏறத்தாழ 150 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இவ்வெண்களைப் படிப்போர் 1,100 என்னும் எண்ணில் மனம் செலுத்துவது வழக்கம். எத்தனை உயிர்களை விட்டோம் என்பதையே வெற்றியின் அளவாகக் கொள்ளும் போக்கு உலகெங்கும் உண்டு. கூண்டைத் திறந்து பறக்கவிடும் காட்சி கண்ணுக்கு இனியது. படம் எடுப்பதற்கும் ஏற்றது. ஐந்தாண்டுகள் புதர் வெட்டி, மாடு மேய்த்து, மண்டியிட்டு எறும்புக் கூடு எண்ணியதைக் காட்சிப்படுத்துவது கடினம். அதனால் நிதியும் பாராட்டும் கூண்டை நோக்கியே ஓடுகின்றன. ராட்பரோவின் உண்மையான வெற்றி, 2019க்கு முந்திய அவ்வைந்து ஆண்டுகளில் அடங்கியிருக்கிறது.

பெட்டியும் அவரைக்காயும்

பள்ளிகளிலும் வீடுகளிலும் வண்ணத்துப்பூச்சி வளர்ப்போர் இதனைப் படித்துத் தம் பெட்டியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பெட்டி எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாது என்னும் உணர்வு இருந்தால் போதும். இங்கிலாந்தின் தென்கரைக்குச் சில கோடைகளில் ஐரோப்பாவிலிருந்து விருந்தாளியாக வந்து சேரும் பட்டாணி நீலனை எடுத்துக்கொள்ளலாம். அதே இனம் தமிழ்நாட்டின் அவரைப் பந்தலிலும் துவரங்காட்டிலும் அன்றாடம் காணப்படுவது. அதன் புழு பூவையும் காயையும் துளைத்து உண்பதால் வேளாண் நூல்கள் அதைப் பயறுவகைப் பயிர்களின் பூச்சிகளுள் ஒன்றாகக் குறிக்கின்றன.

அவரைக்காயில் ஊரும் அப்புழுவைச் சுற்றி எறும்புகள் மொய்த்திருப்பதை உழவர்கள் கண்டிருப்பர். இங்கும் முதுகுச் சுரப்பியின் இனிப்புத் துளியே எறும்பை ஈர்க்கிறது. ஆனால், இப்புழு எறும்பின் மக்களைத் தின்பதில்லை. துளியைப் பெறும் எறும்பு, புழுவின்மேல் முட்டையிட வரும் ஒட்டுண்ணிக் குளவிகளை விரட்டுகிறது. இஃது இருபுறமும் ஊதியம் உடைய உறவு. மாணவர் ஒருவர் அக்காயைப் பறித்து, எறும்புகளை உதறிவிட்டு, புழுவைக் கண்ணாடிப் புட்டியில் இட்டு வளர்த்தால் அது நன்றாகவே வளரும், கூட்டுப்புழுவாகும், சில நாள்களில் வாலிழை அசைய நீலப்பூச்சி வெளிவரும். 'எறும்பின்றியும் இப்புழு வளரும்' என்று குறிப்பேட்டில் எழுதத் தோன்றும். புட்டிக்குள் குளவி இல்லை என்பதால் வந்த முடிவு அது. உதறிவிடப்பட்ட எறும்பின் இனம், அவை எத்தனை இருந்தன, எந்நேரத்தில் மொய்த்தன, பந்தலின் வெயில்பக்கமா நிழற்பக்கமா என்பனவும் அக்குறிப்பேட்டில் இருந்திருந்தால், அதே வளர்ப்பு வேறொரு மதிப்பைப் பெற்றிருக்கும். முட்டை பொரித்த நாளையும் தோலுரித்த நாளையும் மட்டும் எழுதுவது பாதி வரலாறே.

கூண்டு வளர்ப்பு பல தலைமுறைகள் நீடித்தால் வேறொரு சிக்கலும் எழுகிறது. நெருக்கமான இடத்தில் நோய் எளிதில் பரவும். அன்றியும், சிறிய வலைக்குள் கூடி, கிடைத்த தண்டில் முட்டையிடும் பூச்சிகளே அங்கே மக்களைப் பெறும். பரந்த வெளியைத் தேடித் தவிப்பவை மகப்பேறின்றி மாயும். இவ்வாறு தலைமுறைதோறும் கூண்டுக்கு ஏற்றவை மட்டும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. அவற்றை வெளியில் விட்டால் வெளி அவற்றுக்கு அயலிடமாக இருக்கும்.

எனினும், கூண்டே வேண்டா என்று கூறுவோரின் கருத்தையும் முழுமையாக ஏற்பதற்கில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், லாஸ் ஏஞ்சல்ஸை அடுத்த பாலோஸ் வெர்டெஸ் தீபகற்பத்தில் மட்டும் வாழ்ந்த ஒரு நீலன் உண்டு. 1977ஆம் ஆண்டில்தான் அதற்குத் தனிப்பெயர் சூட்டப்பட்டது. வீடுகளும் விளையாட்டுத் திடல்களும் அதன் உணவுச் செடிகளை விழுங்கின. 1983க்குப் பின் அது காணப்படவில்லை. அழிந்தே விட்டது என்று எண்ணப்பட்ட பூச்சியை 1994ஆம் ஆண்டில் ரூடி மட்டோனி என்னும் ஆய்வாளர், கடற்படைக்குரிய எரிபொருள் கிடங்கு வளாகத்தில் கண்டார். ஒரே வளாகத்தில் எஞ்சிய சிறு கூட்டத்தை ஒரு காட்டுத்தீயோ ஒரு வறட்சியோ துடைத்துவிடக்கூடும். அந்நிலையில் நிலம் சீராகும்வரை காத்திருங்கள் என்று அறிவுரை கூறுவது, மருத்துவமனை கட்டி முடியும்வரை நோயாளியைக் காத்திருக்கச் சொல்வதற்கு ஒப்பாகும். அவ்விடத்திலேயே வளர்ப்பு தொடங்கியது. பின்னர், உயிரினப் பராமரிப்பைக் கற்பிக்கும் கல்லூரியொன்றின் மாணவர்களும் அதில் பங்கேற்றனர். இப்பூச்சியின் கூட்டுப்புழுக்களுள் சில ஓராண்டில் வெளிவராமல் அடுத்தடுத்த ஆண்டுகள்வரை உறங்குவதால், ஒவ்வொன்றையும் எண்ணிட்டுக் குளிர்ப்பெட்டியில் பேணும் பொறுமை அவர்களுக்குத் தேவைப்பட்டது.

அங்கே வளர்ப்பு இன்றேல் பூச்சியே இல்லை. எனவே அதனைத் தேவையற்றது என்று எவரும் சொல்ல முடியாது. ஆயினும், அது தந்தது கால அவகாசமே. அந்நீலனின் உணவுச்செடிகள் திறந்த வெளியிலும் கிளறப்பட்ட மண்ணிலும் முளைப்பவை. முதிர்ந்த புதர்களின் நிழலில் அவை நிலைப்பதில்லை. ஆகவே, செடிகளை நட்டு, புதரை அவ்வப்போது அகற்றி, விட்ட பூச்சிகள் தாமே முட்டையிட்டுத் தாமே பெருகும் நிலம் அமையும்வரை மாணவர்களின் உழைப்பு முடிவுறாது. இங்கிலாந்தில் நிலம் முந்திற்று, பூச்சி பிந்திற்று. கலிபோர்னியாவில் பூச்சி முந்தி, நிலம் இன்னும் பின்தொடர்கிறது. எது எளிது என்பதை இரு நாடுகளின் கணக்கேடுகளும் காட்டும்.

நில்லாத அளவுகோல்

பெருநீலனுக்கு உரிய புல்லின் உயரம் தெரிந்துவிட்டது. இனிக் கவலையில்லை என்று எண்ணுவதும் அக்ரூட் ஓட்டின் மயக்கத்தைப் போன்றதே. ஓரிரு சென்டிமீட்டர் என்பது இங்கிலாந்தின் குளிருக்கு அமைந்த அளவு. ஐரோப்பாவின் வெப்பமான தென்பகுதிகளில் அதே எறும்பு இன்னும் உயர்ந்த புல்லினிடையே வாழ்கிறது. அங்கே புல்லைக் குட்டையாக வெட்டினால் மண் கொதித்துவிடும். புவி வெப்பமடைந்துவரும் நிலையில், இங்கிலாந்துக் குன்றுகளுக்கு நேற்றுப் பொருந்திய உயரம் நாளை பொருந்தாமற் போகலாம். கடும் வறட்சியில் தைம் காலத்துக்கு முன்பே பூத்து வாடினால், நீலன் வெளிவரும் நாளில் முட்டையிட அரும்பு இராது. ஆகையால், வடக்கு நோக்கிய சரிவுகளையும் சற்றே குளிர்ந்த இடங்களையும் நீலனுக்காகச் சேர்த்துக்கொள்வது அறிவுடைமை.

இத்தகைய மாற்றங்களைக் கூண்டிலிருந்து அறிய இயலாது. ஒவ்வொரு கோடையிலும் பூச்சிகளை எண்ணி, ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் புல்லை அளந்து, எறும்புக் கூடுகளை மீண்டும் கணக்கிடுவோரே அறிவர். சூலையில் நீலன் பறந்து ஓய்ந்து, பார்வையாளர்களும் திரும்பிய பிறகு, குன்றின் வாயில் மேய்ச்சல் விலங்குகளுக்காகத் திறக்கப்படுகிறது. எத்தனை விலங்குகளை, எத்தனை வாரங்கள் மேயவிடுவது என்பது அவ்வாண்டு பெய்த மழையையும் எழுந்த புல்லையும் பார்த்த பின்னரே முடிவாகிறது.